அந்த விளம்பரத்துக்குள் இருந்த ஆள்

அந்தத் துண்டுக் காகிதம் ஊர் பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் வேலை விளம்பரப் பக்கத்திலிருந்து கத்தரித்தது. லிவர்மோர் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு கையில் புளியோதரைத் தட்டோடு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து என்னிடம் நீட்டினார் கார்பூல் அங்கிள். முகமெல்லாம் சிரிப்பு. “பாரு அம்மிணி, இதுக்கு எழுதிப் போட்டேன். இன்டர்வியூ வந்துருச்சு” என்றார். வாங்கிப் படித்தேன். நான்கே வரி. மென்பொருள் உருவாக்குநர் தேவை. வடிவமைத்தல், உருவாக்குதல், சோதித்தல். தொடர்புடைய துறையில் பட்டம். விண்ணப்பத்தைத் தபாலில் மட்டும் அனுப்பவும். கீழே ஒரு கம்பெனிப் பெயரும் டெக்சாஸ் முகவரியும். அது என் வேலை. வெள்ளிக்கிழமை மாலைவரை நான் பார்த்துவிட்டு வந்த, திங்கட்கிழமை காலை மறுபடி போய் உட்காரவேண்டிய என் வேலை.

வாழ்த்துச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. பிரகாரத்திலிருந்து அவர் மனைவி ஆன்ட்டி வந்தார், நல்ல நேரம் பார்த்துத்தான் தபாலில் போட்டோம் என்றார். பெருமாளுக்கும் சிவனுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தாயிற்றாம். எவர் கண் திறந்தாலும் சரி என்று சிரித்தார். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார்.

கார்பூல் அங்கிள் எனக்குச் சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. அவர் ஈரோட்டுப் பக்கம், நான் நாகர்கோவில். லிவர்மோரில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். இருவருக்கும் அலுவலகம் மலைக்கு அந்தப் பக்கம், எதிரெதிர்க் கட்டடங்களில். தனியாகப் போனால் ஃப்ரீவேயில் ஊர்ந்து ஊர்ந்து விடிந்துவிடும். காரில் இரண்டு பேர் இருந்தால் கார்பூல் லேனில் சர்ரென்று போய்விடலாம். அவருக்கு இரண்டாவது ஆள் தேவை. எனக்கோ ஃப்ரீவே என்றாலே நடுக்கம். இப்படித்தான் சேர்ந்தோம். முதல் வாரம் ‘சார்’ என்றேன். “சார் மோரெல்லாம் வேண்டாம் அம்மிணி, நான் என்ன வாத்தியாரா?” என்றார். அதன்பிறகு அங்கிள்தான்.

அந்தக் காரில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆன்ட்டி கூப்பன் வெட்டுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வாங்குவார். சோப்புக்கும் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலுக்கும் கூப்பன் வெட்டியது போக மிச்சமிருக்கும் பக்கங்கள் திங்கட்கிழமை காருக்கு வந்துவிடும். வேலை விளம்பரங்களை நான் உரக்கப் படிக்கவேண்டும். அவர் ஓட்டிக்கொண்டே உரை சொல்வார். ‘செல்ஃப் ஸ்டார்ட்டர் தேவை’ என்று படித்தால், “சொல்லித் தர இங்க ஆளில்லைன்னு அர்த்தம்” என்பார். ‘பல தொப்பிகள் அணியத் தெரிந்தவர்’ என்றால், “நாலு பேரு வேலை, ஒரு சம்பளம்.” ‘குடும்பம் போன்ற சூழல்’ என்றால், “லீவு கேட்டா அழுவாங்க.” வந்து ஐந்து வருஷம்கூட ஆகாத ஒரு கணினி மொழியில் பத்து வருஷ அனுபவம் கேட்டிருந்தது ஒரு விளம்பரம். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்து லேன்காரன் திரும்பிப் பார்த்தான். வரன் தேடும் விளம்பரமே தேவலாம் அம்மிணி என்றார். அதில் பெண் சிவப்பு என்று பொய்தான் சொல்வான், பெண் இருக்கிறாளா இல்லையா என்றே சந்தேகம் வருகிற மாதிரி எழுதமாட்டான் என்றார்.

சிரித்துக்கொண்டிருந்த மனிதரை அவர் கம்பெனி ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு பிரிவையே மூடினார்கள். ஐம்பதைத் தாண்டியவர், சிட்டிசன் ஆகி வெகுநாள் ஆனவர், வேலை தெரிந்தவர். இரண்டே மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று எல்லாரும் சொன்னோம். கிடைக்கவில்லை. வேலையோடு இன்சூரன்ஸும் போயிற்று. தேதி குறித்திருந்த ஆன்ட்டியின் முட்டி ஆபரேஷன் தள்ளிப்போனது. கோயிலில் அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் அங்கிள் காலையில் என் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பதை நிறுத்தவில்லை. என்னை அலுவலகத்தில் இறக்கிவிட்டுப் பக்கத்திலிருந்த நூலகத்தில் போய் உட்காருவார். சாயங்காலம்வரை விண்ணப்பம். எதற்கு அங்கிள் இந்த அலைச்சல், நான் பழகிக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், உனக்கும் லேன் வேண்டாமா என்றார்.

திங்கட்கிழமை உரை மட்டும் நின்றுபோயிற்று. பக்கங்களை இப்போது அவரே எடுத்துவைத்துக்கொண்டார். இணையத்தில் போடும் விண்ணப்பமெல்லாம் கிணற்றில் போட்ட கல் என்று ஒருநாள் சொன்னார். தபாலில் அனுப்பு என்று எவனாவது எழுதியிருந்தால் அங்கே கூட்டம் இருக்காது, சோம்பேறிப் பயல்கள் தபால்தலை ஒட்டமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த விளம்பரங்களில் சில எதற்காக அப்படி எழுதப்படுகின்றன என்பது எங்கள் இருவருக்குமே அப்போது முழுதாகத் தெரியாது.

எனக்குப் பாதி தெரியும். நான் வேலை விசாவில் இருந்தேன். விசாவுக்கு ஆறு வருஷக் கெடு, அதில் பெரும்பகுதி ஓடிவிட்டிருந்தது. கம்பெனி எனக்குக் கிரீன் கார்டுக்கு மனுப் போட ஒத்துக்கொண்டது. மனுப் போடுவதற்கு முன்னால், நான் பார்க்கும் வேலையை இந்த நாட்டுக்காரர் யாராவது செய்ய இருக்கிறாரா என்று விளம்பரம் கொடுத்துத் தேடவேண்டும், அது சட்டம். தகுதியான ஒருவர் வந்துவிட்டால் மனு அத்தோடு நின்றுவிடும். வக்கீல் அலுவலகம் என் வேலையை விவரித்து எழுதித் தரச் சொன்னது. நான் உருகி உருகி எழுதினேன். மருத்துவமனைகளில் எடுக்கும் இரத்த மாதிரிகள் எந்த ஆய்வகத்துக்கு, எவ்வளவு நேரத்துக்குள் போகவேண்டும் என்று பிரித்து அனுப்பும் மென்பொருள் என்னுடையது. குழந்தைகளின் மாதிரி வந்தால் வரிசையில் முன்னால் தள்ளும் பகுதியை நானே தனியாக எழுதியிருந்தேன், அதையும் சொல்லியிருந்தேன். அதற்குப்பின் இதில் நீ தலையிடக்கூடாது, விளம்பரத்தைத் தேடவும் கூடாது என்றார்கள். நானும் தேடவில்லை. என் அலுவலக வாசலில் மாட்டியிருந்தது வேறொரு பெயர். விளம்பரத்தில் இருந்தது தாய்க் கம்பெனியின் பெயர், சம்பளச் சீட்டில் மட்டுமே நான் பார்த்திருந்த பெயர். அங்கிளுக்கு அது தெரிய வழியே இல்லை.

கோயில் வாசலில் அதைப் படித்தபோது எனக்கு இரண்டு அதிர்ச்சி. ஒன்று, இதற்கு எழுதிப் போட்டது இவரா என்பது. மற்றது கொஞ்சம் வெட்கக்கேடானது: நான் இவ்வளவுதானா என்பது. இரத்த மாதிரி எங்கே, குழந்தைகள் எங்கே? வடிவமைத்தல், உருவாக்குதல், சோதித்தல். யாருக்கும் ஆசை வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஆசைப்பட வழியில்லாத நிலையில் இருந்த ஒரே ஒரு மனிதர் எழுதிப் போட்டுவிட்டார்.

அன்று இரவு என் கணவர், பேசாமல் இரு என்றார். அவர் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது, மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள், எல்லாம் என் ஒரு மனுவில் தொங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் இருக்க நானும் முயன்றேன். ஆனால் திங்கட்கிழமை காலை அந்த மனிதர் ஓட்டும் காரில், அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, இன்டர்வியூவில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று அவர் என்னையே கேட்கும்போது, எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? சுனோல் மலைச் சரிவில் இறங்கும்போது சொல்லிவிட்டேன்.

“அங்கிள், அந்த வேலையில ஆல்ரெடி ஆள் இருக்கு.”

“யாரு?”

“நான்தான். என் கிரீன் கார்டுக்காக போட்ட ஆட் அது.”

கார் கொஞ்சம் ஆடியது. நாங்கள் இறங்கவேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போனோம். நான் நினைவூட்டவில்லை. அடுத்த எக்ஸிட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து என் அலுவலகத்தின் முன்னால் நிறுத்தினார். போகமாட்டேன் அம்மிணி, நீ கவலைப்படாதே என்று அவர் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாக அதைத்தான் எதிர்பார்த்தேன். தினமும் எனக்காக வண்டி எடுத்த மனிதர் வேறு என்ன சொல்வார்?

“ஆள் வேணும்னு போட்டிருக்கான். எனக்கு வேலை வேணும் அம்மிணி. இதுல நான் என்ன தப்புப் பண்ணீட்டேன்?” என்றார்.

குரல் உயரவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கதவைத் திறந்து இறங்கினேன். மனுவில் இருக்கும் பெண் நான் என்று தெரிந்த பிறகும் போவாரா? போனார். மறுநாள் காலை அதே நேரத்துக்கு வாசலில் ஹாரன் அடித்தது. வெளுத்து இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டை, கழுத்தில் டை. தொலைபேசி வழி இன்டர்வியூவுக்கு டை எதற்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மலையேறி இறங்கும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கார்பூல் லேனில் போக இரண்டு பேர் இருந்தால் போதும், பேசவேண்டும் என்று சட்டம் இல்லை. அன்று பத்து மணிக்கு என் மேனேஜர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஸ்பீக்கர் போனைப் பார்த்து அவர் தலையாட்டுவதும், குறிப்பு எழுதுவதும், ஒருமுறை வாய்விட்டுச் சிரிப்பதும் என் இருக்கையிலிருந்து தெரிந்தது. அங்கிள் ஏதோ நன்றாகச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். விண்ணப்பித்தவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டார், தகுதியில்லை என்று எழுத ஒரு காரணமும் கிடைக்கவில்லை, வக்கீல் மனுவை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றார். அவருக்கும் வருத்தம்தான், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அரை வருஷம் போகட்டும், மறுபடி விளம்பரம் கொடுத்துப் பார்ப்போம் என்றார். அரை வருஷம் பொறுத்தால் என் கெடுவில் மிச்சம் என்ன இருக்கும்? ஆனாலும் ஒன்று கேட்டேன். அப்படியானால் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா? மேனேஜர் என்னைப் புரியாமல் பார்த்தார். எப்படி எடுப்பது, அந்த இடத்தில்தான் நீ இருக்கிறாயே என்றார். தகுதியான ஆள் கிடைத்தால் மனுப் போடக்கூடாது என்பதுதான் சட்டம். அந்த ஆளை வேலைக்கு எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம்.

என் மனு போனதுகூட ஒருபக்கம். இன்னொரு பக்கம், இப்படி ஒரு ஏற்பாட்டைப் படித்த மனிதர்கள் கூடி உட்கார்ந்து செய்திருக்கிறார்களே, யாருக்குமா இது உறைக்கவில்லை? சாயங்காலம் காரில் அங்கிளிடம் சொன்னேன். உங்களுக்கு வேலை கிடையாது, எனக்கு மனு கிடையாது. பிளசன்டன் தாண்டியபிறகுதான் அவர் வாய் திறந்தார்.

“வேலை எனக்கில்லை. கார்டு உனக்கில்லை. அப்பறம் யாருக்கு அம்மிணி போட்டாங்க அந்த விளம்பரத்தை?”

வீட்டு வாசலில் இறங்கும்போது, “நான் கார்டு வாங்குனப்பவும் இப்படி ஒண்ணு போட்டிருப்பாங்க. நான் அதப் பாக்கவே இல்ல” என்றார். அதுதான் அந்தக் காரில் எங்கள் கடைசிப் பேச்சு. மறுநாளிலிருந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, தனியாளாக, மெதுவான லேனில் ஓட்டினேன்.

எனக்கு அவர்மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனி உடனே மனுப் போடுகிறேன் என்றது. மகளைப் பாதி வருஷத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு அங்கே பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்தோம். முதல் பனிக்காலத்தில் காரின் மேல் உறைந்த பனியைச் சுரண்டும்போதெல்லாம் அந்த மனிதரைத்தான் திட்டினேன். ஆன்ட்டி தீபாவளிக்குப் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. பிறகு அங்கிளுக்கு டெக்சாஸில் ஒப்பந்த வேலை கிடைத்தது என்றும், ஆன்ட்டிக்கு ஆபரேஷன் நடந்தது என்றும் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்தது. கோபம் அன்றுதான் கரைந்தது என்று நினைக்கிறேன்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக இந்தப் பக்கம் வந்த அங்கிள், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் மேசைமேல் கிடந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பிரித்து ஒரு வேலை விளம்பரத்தைத் தேடிப் பிடித்தார். ரயிலில் கழிப்பறைக் கதவைத் தட்டுவதுபோல விரலை மடக்கி அதன்மேல் டொக் டொக்கென்று தட்டி, “உள்ள ஆள் இருக்குதுங்களா?” என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அதிலிருந்து மாதம் ஒரு விளம்பரமாவது படம் எடுத்து அனுப்புவார். கீழே அதே கேள்வி. எனக்கு ஒருவழியாகக் கார்டு வந்தது, சிட்டிசனும் ஆனேன், அவர் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு இருக்கிறார். அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

போன வசந்தத்தில் என் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு இப்போது அன்றைய அங்கிளின் வயது. என் கணவர் தனியாகத் தொழில் செய்கிறார், இன்சூரன்ஸ் என் வேலையில்தான் இருந்தது. அவருக்கு இதயத்துக்கு மாத்திரை, அதுவும் விலை கூடின மாத்திரை. இரவும் பகலும் இணையத்தில் விண்ணப்பம் போடுகிறேன். விளம்பரங்கள் இன்னும் மோசமாகிவிட்டன. பேரார்வம் வேண்டுமாம், உலகை மாற்றவேண்டுமாம், எந்த வேலை என்று மட்டும் சொல்லமாட்டார்களாம். சிலவற்றைப் படித்தால் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியதாகவே தெரியவில்லை. பதில் ஒன்றும் இல்லை. எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்கினேன், கூப்பனுக்காக அல்ல. மூன்றாம் பக்கத்து மூலையில் இருந்தது. நான்கே வரி. வடிவமைத்தல், உருவாக்குதல், சோதித்தல். தபாலில் மட்டும். கத்தரித்து மேசைமேல் வைத்தேன். வீட்டுக்கு வந்திருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, ஹூ ஈவன் மெயில்ஸ் எ ரெஸ்யூமே?” என்றாள். அவளுக்கு அது வேடிக்கை. நான் அங்கிளுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்த முறை சிரிக்காமல் கேட்டார்.

“இருக்கு அங்கிள். நல்லாவே தெரியுது.”

“விட்டுரு அம்மிணி. எந்தப் புள்ளையோ, பாவம். அன்னைக்கு நானும் எழுதியிருக்கக் கூடாது” என்றார்.

இத்தனை வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். பனி சுரண்டிய காலையிலெல்லாம் இதை அவர் வாயால் கேட்கவேண்டும் என்று கறுவியிருக்கிறேன். கேட்டதும் துளி சந்தோஷம் வரவில்லை. சுருக்கென்று இருந்தது.

“நீங்க எழுதினதுல தப்பே இல்ல அங்கிள்,” என்றேன். “எனக்கு வேலை வேணும்.”

இதைச் சொன்னது நானா என்று எனக்கே திக்கென்றது. அவர், உன் வீட்டுக்காரரை மாத்திரையை விடாமல் போடச் சொல்லு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். விண்ணப்பத்தை உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தெருமுனை நீலத் தபால்பெட்டிவரை நடந்தேன். எங்கோ ஓர் அலுவலகத்தில் நாளைக் காலை போய் உட்காரப்போகும் ஒரு பிள்ளை, பெண்ணோ பையனோ, தன் வேலையை இரண்டு பக்கம் உருகி உருகி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. அதற்கும் பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருக்கலாம். தெரிந்துதான் நடந்தேன். பெட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன், விரலை மடக்கி அதன்மேல் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு உறையை உள்ளே போட்டேன்.